தாத்தாவின் பேனாவால் எழுது, மாப்பிள்ளை

அன்பு மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. தாத்தாவின் பீரோவில் கிடைத்த மூன்று பேனாக்களையும் கண்ணாடி அலமாரியில் வைக்கலாமா என்று போனில் கேட்டாய். வேண்டாம். அவை எழுதுவதற்காக வாங்கியவை. இத்தனை வருஷம் சும்மா கிடந்ததால்தான் உள்ளே மை இறுகிப்போயிருக்கிறது. மைப்பேனாவுக்கு தினசரி எழுதுவதைவிட நல்ல பராமரிப்பு கிடையாது.

உன் தாத்தா திருமங்கலத்தில் பத்திரம் எழுதிப் பிழைத்தவர். கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் கிரயம், அடமானம், பாகப்பிரிவினை எல்லாம் பெரும்பாலும் முத்திரைத்தாளில் கையால் எழுதியவைதான். சர்வே எண்ணில் ஓர் இலக்கம் தெளிவில்லாமல் போனால் இரண்டு குடும்பங்கள் கோர்ட் வாசலில் நிற்கும். அதற்காகவே அவர் நீலக்கறுப்பு மையை வைத்திருந்தார். அந்த வகைப் பழைய மையில் இரும்புச் சத்து உண்டு. தாளில் பட்டதும் காற்றோடு சேர்ந்து கறுத்து, தண்ணீர் பட்டாலும் அழியாமல் நிற்கும். பத்திரத்தைக் காப்பாற்றிய அதே மை, பேனாவுக்குள் காய்ந்தால் எஃகு நிப்பை அரிக்கும். ஆகவே முதல் வேலை சுத்தம் செய்வது.

சாதாரணத் தண்ணீர் போதும். மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் மதியத்தில் சுடும். காலையில் பிடித்துவைத்ததை எடுத்துக்கொள். முதல் பேனா, அந்தத் தடித்த கறுப்பு, எபனைட்டில் கடைந்தது. ரப்பரோடு கந்தகத்தை நிறையச் சேர்த்துச் சூடாக்கினால் வரும் கெட்டிப் பொருள் அது. சுடுதண்ணீர் பட்டால் நிறம் மங்கிவிடும். ஸ்பிரிட், பெட்ரோல், தின்னர் எதையும் எந்தப் பேனாவின் பக்கமும் கொண்டுபோகாதே. கழுத்தைக் கழற்றி, நிப்போடு ஒரு டம்ளர் தண்ணீரில் இரவு முழுக்கப் போட்டுவை. காலையில் தண்ணீர் நீலமாயிருந்தால் மாற்று. தெளிவாக வரும்வரை மாற்றிக்கொண்டே இரு. பிளேடை நிப்பின் பிளவில் விடும் பழக்கம் நம் பக்கம் உண்டு; அதைச் செய்யாதே. பிளவு ஒரு மயிரிழை அகன்றாலும் மை ஒழுங்காக இறங்காது.

இரண்டாவது பேனா ஹீரோ, ஷாங்காயில் செய்தது. நிப்பின் நுனி மட்டும் எட்டிப்பார்க்கும் அந்த வடிவம், 1941-இல் வந்த பார்க்கர் 51-ஐப் பின்பற்றியது. மூடியைத் திருகாதே, நேராக இழு. உள்ளே பை இருக்கிறது. தண்ணீரில் நிப்பை முக்கி அழுத்தி அழுத்தி விடு. பை விறைத்துப்போயிருந்தால் மாற்றத்தான் வேண்டும்.

மூன்றாவது பேனாவில் பெயர் ஒன்றுமில்லை. அதைத்தான் நீ கடைசியாகச் சொன்னாய், எனக்கு அதுதான் முக்கியம். அதில் இருப்பது சாத்தூர் நிப் என்று தாத்தா சொல்லுவார். சாத்தூர் என்றால் உனக்குச் சேவும் வெள்ளரிக்காயும் ஞாபகம் வரும். விருதுநகரைத் தாண்டினால் வரும் அந்தச் சிற்றூரில் பேனா நிப் செய்வது பெரிய கைத்தொழிலாக இருந்தது. மெல்லிய தகட்டை இலை வடிவில் வெட்டி, நடுவே துளை போட்டு, வளைத்து, நுனியிலிருந்து துளைவரை பிளந்து, முனையைத் தேய்த்து மெருகேற்ற வேண்டும். தேய்ப்பதில் கை கொஞ்சம் பிசகினால் நிப் தாளைக் கிழிக்கும். பால்பாயிண்ட் பேனா மலிந்தபின் அந்தத் தொழில் தேய்ந்துபோனது. நம் கரிசல் பக்கத்துக் கைகள் இவ்வளவு நுணுக்கமான பொருளைச் செய்தன என்பது நம் பிள்ளைகளுக்குத் தெரியவில்லையே என்று எனக்கு வருத்தம் உண்டு.

எழுதுகருவி மதுரைக்குப் புதிதும் அல்ல. மீனாட்சி கோயிலுக்குப் பக்கத்தில் எழுத்தாணிக்காரத் தெரு இன்றும் இருக்கிறது. அடுத்த முறை வரும்போது அழைத்துப்போகிறேன். எழுத்தாணியால் பனையோலையின் நரம்போடு நேர்கோடு கீறினால் ஓலை பிளந்துவிடும். நம் எழுத்துகள் இப்படி வளைந்து சுழிவதற்கு அதையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள். இது உனக்கு ஏன் தெரியவேண்டும் என்றால், தமிழுக்கு நிப் தேர்ந்தெடுப்பதே இந்தச் சுழியைப் பொறுத்ததுதான். தடித்த நிப்பில் ‘ணை’யும் ‘ஞி’யும் உள்ளே அடைத்துக்கொள்ளும். மெல்லிய நிப்பை எடு.

பால்பாயிண்டில் குண்டு உருள அழுத்த வேண்டும். மைப்பேனாவில் அழுத்தவே கூடாது; பிளவு வழியாக மை தானாக இறங்கித் தாளுக்கு வரும், நீ வழிகாட்டினால் போதும். நிப்பின் துளை வானத்தைப் பார்க்கட்டும். விரல் வலித்தால் அழுத்துகிறாய் என்று அர்த்தம்.

 இனி கையெழுத்து. காந்தி தன் சுயசரிதையில் அதைப் பற்றி மனம்விட்டு எழுதியிருக்கிறார். தென்னாப்பிரிக்காவில் வக்கீல்களும் இளைஞர்களும் அழகாக எழுதுவதைப் பார்த்துத் தன் எழுத்துக்காக வெட்கப்பட்டாராம். எழுத்துக்கு முன்னால் குழந்தைகளுக்குப் படம் வரையச் சொல்லித்தர வேண்டும் என்பது அவர் முடிவு. அதை நான் முழுமனதோடு ஏற்கிறேன். நீயும் எழுத்தில் தொடங்காதே. சின்ன வட்டம், பெரிய வட்டம், சுழி என்று பக்கம் பக்கமாகப் போடு. கை தளர்ந்தபின் ரெண்டு கோடு நோட்டு வாங்கி ‘ட’, ‘ப’, ‘ம’வில் ஆரம்பித்து ‘ழ’வுக்கும் ‘ஐ’க்கும் வா. வேகம் பற்றிக் கவலைப்படாதே. ஒரு வரியில் எல்லா எழுத்தும் ஒரே உயரத்தில் நின்றால் பாதி அழகு வந்துவிட்டது.

மை: பிரில், கேமல் எது கிடைத்தாலும் சரி, கழுவினால் போகும் சாதாரண நீலம். படம் வரையும் கறுப்பு மையை ஊற்றினால் பேனா போயிற்று. தாள் மலிவாக இருந்தால் மை பரவும். கரும்புச்சக்கையிலிருந்து காகிதம் செய்யும் நம் புகளூர் ஆலையின் எண்பது ஜிஎஸ்எம் தாள் எனக்கு ஒத்துவருகிறது. எபனைட் பேனாவில் மை கால் பங்குக்குக் கீழே இறங்க விடாதே. உள்ளே காற்று கூடினால், கைச்சூட்டிலும் நம் சித்திரை வெயிலிலும் அது விரிந்து மையை வெளியே தள்ளும். பேனா கக்குகிறது என்று பழிப்பது பெரும்பாலும் இதைத்தான். பரீட்சைக்கு முந்தின இரவு நிரப்பிவிடு.

இதற்குப் பதிலை எபனைட் பேனாவாலேயே எழுது, தமிழில், இரண்டு பக்கத்துக்குக் குறையாமல். உறைமேல் முகவரியை மட்டும் பால்பாயிண்டில் எழுது. நீல மை மழையில் கரைந்துவிடும்.

அன்புடன்,
மாமா
மதுரை