மழைக்கு முன் லாரிக்கு: முதலில் அடிப்பக்கம்

ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவி, சந்தனம் பூசி, பூசணிக்காய் உடைத்ததோடு இந்த வருட வேலை முடிந்தது என்று இருக்கிறவர்கள் நாமக்கல், சங்ககிரிப் பக்கம் நிறையப் பேர். அந்தக் கழுவலில் கேபின் பளபளக்கும். சேசிஸ் பழைய சேற்றோடு அப்படியே கிடக்கும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கினால் டிசம்பர் வரை விடாது. துரு கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் பிடிக்கிறது. அடுத்த லோடுக்குப் போகும் முன் வண்டியை ரேம்பில் ஏற்றி, அடியிலிருந்து தொடங்குங்கள்.

தூத்துக்குடி, வேதாரண்யம் உப்பு ஏற்றிய வண்டிக்கு இதைத் தள்ளிப்போடவே கூடாது. காற்றில் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினாலே உப்பு தானாக நீரை இழுத்துக் கசியும். மழைக்காலக் கடலோரத்தில் அந்த அளவு சாதாரணம். ஒரு சொட்டு மழை விழாவிட்டாலும், பலகை இடுக்கிலும் பட்டைகளுக்கு நடுவிலும் ஒட்டிய உப்பு இரும்பை ஈரமாகவே வைத்திருக்கும். தார்ப்பாயை அவிழ்த்து, பலகையைக் கூட்டித் தள்ளிவிட்டு, நல்ல தண்ணீரில் கழுவுங்கள். உப்புத்தண்ணீர் போர் இதற்கு உதவாது. பொட்டாஷ் மூட்டை ஏற்றியவர்களுக்கும் இதேதான்.

சிமெண்ட் லோடு என்றால் நேர் எதிர். முதலில் தண்ணீரே படக்கூடாது. கம்ப்ரசர் காற்றால் ஊதிய பிறகே கழுவல். நனைந்த தூசு இறுகிவிட்டால், சுரண்டும்போது பெயின்டும் சேர்ந்து வரும். ஆசிட் ஊற்றிச் சுத்தமாக்கித் தருகிறேன் என்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

கேபினை வெயில் தாழ்ந்த பின் கழுவுங்கள். சூடான தகட்டில் சோப்பு காய்ந்து திட்டாக நிற்கும். துணி துவைக்கும் பவுடர் இருக்கிற மெழுகையும் எடுத்துவிடும், ஷாம்பு போதும். சேறு ஊறி வழிந்த பிறகே துணியை வையுங்கள். நன்றாகக் காய்ந்ததும் ஒரு கை மெழுகு போட்டுவிடுங்கள். பூஜைக் குங்குமத்தை மறுநாளே துடைத்துவிடலாம், சாமி கோபிக்காது.

ஒளிரும் ஸ்டிக்கர் ஓரம், ஆல்டர்னேட்டர், வயரிங் சாக்கெட், ஹப் சீல் மீது பிரஷர் கன்னை நேராகப் பிடிக்கக் கூடாது. கழுவிய அன்றே கிங்பின், சாக்கிள் பின், புரொப்பல்லர் ஷாஃப்ட் கிராஸ் எல்லாவற்றுக்கும் கிரீஸ் அடித்தாக வேண்டும். பழைய கிரீஸைத் தண்ணீர் தள்ளியிருக்கும்.

சேசிஸுக்கு டீசல் ஸ்பிரே அடிக்கும் பழக்கத்தை விட்டுவிடுவது நல்லது. மினுமினுப்பு இரண்டு நாள். பிறகு புழுதி அப்பும், ரப்பர் புஷ் உப்பிக் கெடும். அந்தக் காசுக்கு, கயிறு உரசிப் பெயின்ட் போன கொக்கிப் பக்கங்களையும் மட்கார்டு உள்விளிம்பையும் கம்பி பிரஷால் தேய்த்து, ரெட் ஆக்சைடு அடித்து, காய்ந்ததும் எனாமல் பூசலாம்.

கிளம்பும் முன் ஏர் டேங்க் தண்ணீரைத் திறந்து விடுங்கள். மெதுவாக ஓட்டி, பிரேக்கை நாலைந்து முறை மிதித்து லைனிங் காய்ந்ததா என்று பாருங்கள். தொப்பூர் இறக்கமெல்லாம் அதற்குப் பிறகுதான்.