இரத்தக் குழாய்கள் மூவகை

நம் தேகத்தில் இரத்தம் ஓடுகின்றதென்பதை அறியாதார் இலர். ஆயினும், அது செல்லும் குழாய்கள் யாவும் ஒரே தன்மையன அல்ல. தமனி, சிரை, தந்துகி என அவை மூவகைப்படும். அவற்றின் வேற்றுமையை ஈண்டு ஆராய்வோம்.

இருதயத்தினின்று இரத்தத்தைக் கொண்டு செல்வது தமனி. இருதயம் சுருங்குந்தோறும் எழும் வேகத்தைத் தாங்கவேண்டியிருத்தலால், அதன் சுவர் தடித்தும், விரிந்து சுருங்கும் இயல்புடையதாயும் இருக்கின்றது. மணிக்கட்டில் நாம் உணரும் நாடித்துடிப்பு அவ்வேகத்தின் அறிகுறியே.

இரத்தத்தை இருதயத்திற்குத் திருப்பிக் கொணர்வது சிரை. அதனுள் அழுத்தம் குறைவாதலின் சுவரும் மெல்லியது. அங்ஙனமாயின், காலிலுள்ள இரத்தம் மேலேறுவது எவ்வாறு? நடக்கும்பொழுது தசைகள் சிரைகளை நெருக்குகின்றன. உள்ளிருக்கும் வால்வுகள், ஒருபுறமே திறக்கும் கதவுகள் போன்று, இரத்தம் கீழிறங்காவண்ணம் தடுக்கின்றன.

தமனியில் சுத்த இரத்தமும் சிரையில் அசுத்த இரத்தமும் ஓடுமென நம்மிற் பலர் மனனம் செய்கின்றோம். இது முற்றும் சரியன்று. இருதயத்தினின்று நுரையீரலுக்குச் செல்லும் தமனியில் பிராணவாயு குறைந்த இரத்தமே ஓடுகின்றது. செல்லுந் திசையே பெயருக்குக் காரணம்.

இரத்தம் சுற்றியோடுவதை 1628-ஆம் ஆண்டில் நூல் வாயிலாக விளக்கியவர் இங்கிலாந்து தேசத்து வில்லியம் ஹார்வி. அவர் காட்டிய சோதனையை நாமும் செய்யலாம். கையைத் தொங்கவிட்டு, புடைத்த சிரையொன்றை ஒரு விரலால் அழுத்தி, மற்றொரு விரலால் அவ்விடத்திலிருந்து மேல்நோக்கி வழித்தால், அடுத்த வால்வு வரையில் அது வெறுமையாய் நிற்கும். அழுத்திய விரலை எடுத்தவுடன் நிரம்பும்.

எனினும், தமனியின் இரத்தம் சிரையை அடையும் வழியை ஹார்வி கண்டாரில்லை. அவர் 1657-இல் காலஞ்சென்றார். 1661-இல் இத்தாலியராகிய மால்பிகி, தவளையின் நுரையீரலைப் பூதக்கண்ணாடி கொண்டு நோக்கித் தந்துகிகளைக் கண்டார். ஒரே உயிரணு அடுக்காலான அவற்றின் சுவர் வழியாகவே பிராணவாயுவும் உணவுச் சத்தும் உடலுக்குச் சேர்கின்றன.

இவ்வறிவு பரீட்சைக்கு மட்டும் உரியதன்று. மைதானத்தில் நண்பனொருவன் காயமுற்றான் என்று கொள்வோம். செந்நிற இரத்தம் துடிப்புடன் பீறிட்டால் தமனி அறுந்தது. கருஞ்சிவப்பாய் இடைவிடாது வழிந்தால் சிரை. மெல்லக் கசிந்தால் தந்துகி. பீறிடுமாயின் சில நிமிஷங்களிலேயே உயிர் போகக்கூடும். ஆதலின், தூய துணியைக் காயத்தின்மீது வைத்துக் கையெடாது இறுக அழுத்தியவாறே வைத்திய உதவியை அழைப்பித்தல் வேண்டும். கற்றதை அத்தருணத்தில் மறவாதிருப்போமாக.