கணிப்பொறிக் கல்வியில் பொதுத் தரநிலைகள்

ஊருக்கு ஊர் படி வேறுபட்டிருந்த காலம் ஒன்று நம் நாட்டில் இருந்தது. ஓரூரில் நான்கு படி என்று அளந்து வாங்கிய நெல், அடுத்த ஊர்ச் சந்தையில் நான்கு படியாக இராது. 1956-ஆம் ஆண்டில் எடை அளவுத் தரச் சட்டம் இயற்றப்பட்டு, மெட்ரிக் முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்த பின்னரே கிலோகிராமும் லிட்டரும் எல்லா ஊருக்கும் ஒன்றாயின. தராசு செய்பவர் பலர், எடை ஒன்றே. எந்த வணிகரும் கிலோகிராமுக்குச் சொந்தம் கொண்டாட முடியாது.

கணிப்பொறித் துறையில் 'திறந்த தரநிலை' என்று வழங்கப்படுவதும் இத்தகையதே. ஒரு கோப்பு எவ்வாறு எழுதப்பட வேண்டும், இரு கணிப்பொறிகள் எவ்வாறு செய்தி பரிமாறிக்கொள்ள வேண்டும், தரவுத்தளத்தை எம்மொழியில் வினவ வேண்டும் என்பனவற்றை ஒரு நிறுவனம் தனக்குள் மறைத்து வைத்துக்கொள்ளாமல், பலர் கூடி முடிவு செய்து, எவரும் பின்பற்றலாம் என்று வெளியிடும் விதிகளின் தொகுப்பே அது.

இவ்விதிகளைக் கல்லூரியில் கற்பிக்க வேண்டுமா, வேலை தரும் நிறுவனங்கள் பயன்படுத்தும் மென்பொருளைக் கற்பிக்க வேண்டுமா என்ற கேள்வி நம் துறையில் அடிக்கடி எழுகிறது. இரண்டும் வேண்டும். ஆனால் தரநிலை எங்கே முடிகிறது, நிறுவனத்தின் சொந்தச் சரக்கு எங்கே தொடங்குகிறது என்று மாணவனுக்குக் காட்டிக் கொடுக்காத கல்வி, அவனை ஒரு தராசுக்கு அடிமையாக்கிவிடும் என்பது என் கருத்து. இதற்குச் சான்றாக, நாம் இளங்கலையிலேயே படித்துவிடுகிற எஸ்.க்யூ.எல். என்னும் வினவல் மொழியை எடுத்துக்கொள்கிறேன்.

ஒரு மொழி வளர்ந்த வரலாறு

1970-ஆம் ஆண்டு, ஐ.பி.எம். நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வகத்தில் பணியாற்றிய எட்கர் காட் என்பார், தரவுகளை எல்லாம் வரிசையும் நெடுவரிசையும் கொண்ட எளிய அட்டவணைகளாக எண்ணிப் பார்க்கலாம் என்று ஒரு கட்டுரை வெளியிட்டார். கணிதத்தில் நாம் படிக்கும் கணங்களும் உறவுகளுமே அதன் அடிப்படை. அவ்வட்டவணைகளை வினவுவதற்கு அதே நிறுவனத்தைச் சேர்ந்த டொனால்டு சேம்பர்லின், ரேமண்ட் பாய்ஸ் ஆகிய இருவரும் 1974-இல் ஒரு மொழியை அமைத்தனர். அதுவே பின்னாளில் எஸ்.க்யூ.எல். ஆயிற்று. கட்டுரைகள் அச்சாகி எல்லாருக்கும் கிடைத்தமையால், இன்று ஆரக்கிள் என்று நாம் அறியும் நிறுவனம், ஐ.பி.எம். தன் மென்பொருளை விற்பனைக்குக் கொண்டுவரும் முன்பே, 1979-இல் இம்மொழியில் இயங்கும் தரவுத்தளத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்துவிட்டது.

இதே காலத்தில் கலிஃபோர்னியாவின் பெர்க்கிலிப் பல்கலைக்கழகத்தில் வேறொரு முயற்சி நடந்தது. மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர், யூஜீன் வோங் ஆகிய பேராசிரியர்கள் காட் அவர்களின் கட்டுரையைப் படித்துவிட்டு, 1973 முதல் தம் மாணவர்களைக் கொண்டே 'இங்கிரஸ்' என்னும் தரவுத்தளத்தைக் கட்டினர். அதன் மூல நிரலை நாடாக்களில் பதிவு செய்து, சிறு கட்டணத்துக்குப் பிற பல்கலைக்கழகங்களுக்கும் அனுப்பினர். மாணவர்கள் அதைப் பிரித்துப் பார்த்தனர், திருத்தினர். அக்குழுவில் பணியாற்றிய ராபர்ட் எப்ஸ்டீன் 1984-இல் சைபேஸ் நிறுவனத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவர். மைக்ரோசாஃப்டின் எஸ்.க்யூ.எல். சர்வர் அந்தச் சைபேஸின் நிரலிலிருந்து வளர்ந்ததுதான். ஒரு பல்கலைக்கழக வகுப்பறை இத்துணை வணிகத்துக்குத் தாயாக இருந்திருக்கிறது!

இங்கிரஸின் வினவல் மொழி வேறு. அதன் பெயர் க்யூயெல். அதுவே ஒழுங்கு மிக்கது என்று சொன்ன அறிஞர்கள் பலர். எனினும் 1986-இல் அமெரிக்கத் தர நிறுவனமும், 1987-இல் பன்னாட்டுத் தர அமைப்பும் எஸ்.க்யூ.எல். மொழியையே தரநிலையாக ஏற்றன. அத்துடன் க்யூயெல் மங்கிற்று. சிறந்தது எல்லாம் நிலைப்பதில்லை, பொதுவானதே நிலைக்கிறது என்பது எனக்குச் சற்று வருத்தம் தரும் செய்திதான். ஆனால் இங்கிரஸுக்குப் பின் 1986-இல் பெர்க்கிலியில் தொடங்கிய 'போஸ்ட்கிரஸ்' தப்பிப் பிழைத்தது. எப்படி? 1994-இல் ஆண்ட்ரூ யூ, ஜாலி சென் என்னும் பட்டமேற்படிப்பு மாணவர் இருவர் அதன் பழைய மொழியை நீக்கிவிட்டு எஸ்.க்யூ.எல். மொழியைப் பொருத்தினர். 1996 முதல் அது 'போஸ்ட்கிரஸ்க்யூஎல்' என்ற பெயரில், உலகெங்கும் உள்ள தன்னார்வலர்களால் வளர்க்கப்பட்டு, கட்டணமின்றிக் கிடைத்து வருகிறது. வங்கிகளும் அரசுகளும் அதைப் பயன்படுத்துகின்றன.

மாணவர்களால் என்ன ஆகும் என்று கேட்போருக்கு இன்னொன்றும் சொல்ல விழைகிறேன். இணையத்தின் நெறிமுறைகளை விளக்கும் ஆர்.எஃப்.சி. ஆவண வரிசையின் முதல் ஏட்டை 1969 ஏப்ரலில் எழுதிய ஸ்டீவ் கிராக்கர், அப்போது லாஸ் ஏஞ்சல்ஸில் பட்டமேற்படிப்பு மாணவர். 'கருத்துரைக்க வேண்டுகிறோம்' என்று பொருள்படும் அப்பணிவான பெயர், பெரியவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாதே என்று வைத்ததாம். அவ்வரிசையை இன்றும் எவரும் காசின்றிப் படிக்கலாம். எஸ்.க்யூ.எல். தரநிலை ஆவணமோ பன்னாட்டுத் தர அமைப்பிடம் விலை கொடுத்து வாங்க வேண்டியது. நம்மால் ஆகிற விலையன்று. ஆக, 'திறந்த' என்னும் சொல்லிலும் பல படிகள் உண்டு. மத்திய அரசு 2010 நவம்பரில் வெளியிட்ட மின்னாளுகைத் தரநிலைக் கொள்கை, தரநிலையைப் பயன்படுத்துவோரிடம் காப்புரிமைத் தொகை கேட்கக் கூடாது என்பதை வற்புறுத்துகிறது. ஆவணத்துக்குச் சிறு விலை இருந்தாலும் அது பொறுத்துக்கொள்கிறது.

ஒரு பெயர் மறைந்த விதம்

தரநிலை ஒன்று இருந்தும், ஒவ்வொரு நிறுவனமும் தன் வழக்காறு சிலவற்றைச் சேர்த்துக்கொள்கிறது. பட்டியலில் முதல் பத்துப் பேரை மட்டும் கேட்க, ஒன்றில் 'டாப்' என்று எழுத வேண்டும், மற்றொன்றில் 'லிமிட்', தரநிலை சொல்வதோ 'ஃபெட்ச் ஃபர்ஸ்ட்'. இவை வெளிப்படையான வேறுபாடுகள். தவறாக எழுதினால் கணிப்பொறியே திட்டிவிடும். திட்டாமல் ஏமாற்றுகிற வேறுபாடுகளே ஆபத்தானவை.

ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். கல்வி உதவித்தொகைப் பட்டியல் ஒன்றைத் தயாரிக்கிறோம். தலைப்பெழுத்து ஒரு நெடுவரிசையிலும் பெயர் மற்றொன்றிலும் உள்ளன. இரண்டையும் ஒட்டி முழுப் பெயராக அச்சிட வேண்டும். ஒட்டுவதற்குத் தரநிலை தரும் குறி, இரு செங்குத்துக் கோடுகள். முத்துலட்சுமி என்னும் மாணவிக்குத் தலைப்பெழுத்துப் பதிவாகவில்லை. அவ்விடத்தில் 'நல்' எனப்படும் வெறுமை உள்ளது. (தமிழில் எழுதினால் இச்சொல் நல்லதாகத் தோன்றுகிறது, செயலில் அப்படியன்று.) ஆரக்கிளில் இவ்வினவலை ஓட்டினால் 'முத்துலட்சுமி' என்று ஒழுங்காக வரும். அதே வினவலைப் போஸ்ட்கிரஸ்க்யூஎல்லில் ஓட்டினால் அவ்விடம் முழுவதும் வெறுமையாகிவிடும். தெரியாத ஒன்றைத் தெரிந்ததோடு ஒட்டினால் விடையும் தெரியாததே என்பது தரநிலையின் விதி. பின்னது விதிப்படி நடக்கிறது. முன்னது விலகி நடக்கிறது. மூன்றாவதான மைஎஸ்க்யூஎல்லிலோ, அமைப்பை மாற்றாத வரையில், அவ்விரு கோடுகளுக்கு 'அல்லது' என்று பொருள். தலைப்பெழுத்து உள்ள மாணவர்களின் பெயர்கள் இருக்க வேண்டிய இடத்தில் சுழியங்கள் வரிசையாக நிற்கும்.

சுழியங்கள் நின்றால் எவரேனும் கவனித்துவிடுவர். ஆயிரம் பெயர்களுக்கிடையே ஒரு பெயர் மட்டும் வெறுமையானால் யார் கவனிப்பார்? உதவித்தொகை வராத முத்துலட்சுமிதான் அலுவலகத்துக்கும் வங்கிக்கும் நடப்பாள். ஆரக்கிளை மட்டும் கற்ற மாணவன் ஒட்டுதல் என்றாலே இப்படித்தான் என்று எண்ணிக்கொள்கிறான். அவன் எழுதிய வினவல் வேறு தளத்துக்கு மாற்றப்படும் நாளில் இது நிகழ்கிறது.

நிறுவன மென்பொருள் என்பது யாது?

ஆயிரக்கணக்கானோர் ஒரே வேளையில் பயன்படுத்தும் வங்கி, மருத்துவமனை, மின்வாரியம் போன்றவற்றின் கணக்கையும் பதிவையும் தாங்கும் மென்பொருளையே நிறுவன மென்பொருள் என்கிறோம். 1972-இல் ஜெர்மனியில் ஐ.பி.எம். ஊழியர்களாய் இருந்த ஐவர் தொடங்கிய எஸ்.ஏ.பி. இவ்வகையில் புகழ் பெற்றது. இத்தகைய மென்பொருளில் திறமை என்பது எந்தத் திரையில் எந்தப் பொத்தான் இருக்கிறது என்று மனப்பாடம் செய்வதன்று.

தேர்வுக் கட்டணத்தை இணையவழியே கட்டும்போது, வங்கியில் பணம் கழிந்துவிட்டது, ரசீது வரவில்லை என்று தவித்த அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. இரண்டு செயல்களும் நடக்க வேண்டும். இல்லையேல் இரண்டும் நடவாதிருக்க வேண்டும். ஒரே தரவுத்தளத்துக்குள் இதனைக் காக்கும் 'கமிட்', 'ரோல்பேக்' என்னும் கட்டளைகள் தரநிலையிலேயே உள்ளன. வங்கியின் தளமும் கல்லூரியின் தளமும் வெவ்வேறாக இருக்கும்போது இது எவ்வளவு கடினமாகிறது என்பதை வகுப்பில் ஒரு மணி நேரம் பேசினால் போதும், பாதிப் பாடம் விளங்கிவிடும். விடுதியில் எஞ்சிய ஓரிடத்தை இரண்டு எழுத்தர்கள் ஒரே நொடியில் இருவருக்கு ஒதுக்கினால் என்ன ஆகும்? 1992-ஆம் ஆண்டுத் தரநிலை இதற்கென நான்கு தனிமைப்படுத்தும் நிலைகளை வகுத்தது. நாம் எதையும் குறிப்பிடாவிட்டால் மைஎஸ்க்யூஎல் ஒரு நிலையையும், ஆரக்கிளும் போஸ்ட்கிரஸ்க்யூஎல்லும் வேறொரு நிலையையும் மேற்கொள்கின்றன. இதை அறிந்தவனே நிறுவன மென்பொருள் அறிந்தவன்.

வணிகவியல் துறை நண்பர்களுக்கு நான் விளக்க வேண்டியதே இல்லை. 1494-இல் வெனிஸ் நகரில் லூக்கா பசியோலி அச்சிட்டு வெளியிட்ட நூலில் உள்ள இரட்டைப் பதிவு முறையைத்தான் அவர்கள் இன்றும் படிக்கிறார்கள். பற்று எது, வரவு எது என்று அறிந்தவருக்கு டேலி சில வாரப் பாடம். வேறொரு கணக்கு மென்பொருள் வந்தால் அதுவும் சில வாரமே. குறிப்பேட்டில் பதியத் தெரியாமல் டேலி மட்டும் படித்தவருக்குப் புதுப்பதிப்பு வெளிவரும் ஒவ்வொரு முறையும் முதலாம் வகுப்புத்தான். கணிப்பொறி மாணவராகிய எங்களுக்கு அத்தகைய குறிப்பேட்டுப் பயிற்சி இன்னும் கிடைக்கவில்லை.

நம் மலரிலேயே ஒரு சான்று

பழைய கல்லூரி மலர்களைத் தொகுக்கும் பணியில் இவ்வாண்டு நானும் ஈடுபட்டேன். 1978-ஆம் ஆண்டு மலர் நூலகத்தில் இருக்கிறது. தாள் பழுத்துவிட்டதே தவிர ஒரு வரியும் போகவில்லை. ஆனால் பிற்காலத்து மலர்களுக்காகக் கணிப்பொறியில் அச்சுக் கோத்து, குறுந்தகட்டில் பத்திரப்படுத்திய கட்டுரைகளைத் திறந்தால், தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் குப்பையாகக் கிடக்கின்றன. அந்நாளில் எழுத்துரு செய்தவர்கள் ஒவ்வொருவரும் 'அ' முதல் 'ன' வரை தாம் விரும்பிய எண்களில் வைத்துக்கொண்டனர். அவ்வெழுத்துரு கையில் இல்லையேல் கட்டுரையும் இல்லை. யூனிகோடு தரநிலையில் 1991-ஆம் ஆண்டின் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றிருந்தது. தமிழக அரசு 1999-இல் டாம், டாப் என்னும் குறியீடுகளை ஏற்று, பின்னர் 2010-இல் யூனிகோடுக்கு வந்து சேர்ந்தது. இடைப்பட்ட காலத்தில் எழுதப்பட்டவற்றை மீட்பது இன்று ஒரு தனி வேலையாக இருக்கிறது.

வேலையும் வேண்டுமே

'தரநிலை சோறு போடுமா?' என்று நண்பர்கள் கேட்பது நியாயமே. நம்மில் பலர் தம் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். படிப்பு முடிந்த மறுமாதமே சம்பளம் வர வேண்டும் என்று வீடு எதிர்பார்க்கிறது. 2022-இல் அரசு தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தின் வழி, தொழில் நிறுவனங்களின் பாடங்கள் அரசுக் கல்லூரிகளுக்கும் வந்தமை பெரிய நன்மை. அவற்றை ஒதுக்குமாறு நான் சொல்லவில்லை. ஒரு நிறுவனத்தின் மென்பொருளைத் தொட்டுப் பழகாமல் தரநிலை மட்டும் படிப்பது, தண்ணீரில் இறங்காமல் நீச்சல் படிப்பது போலாகும்.

ஆனால் சென்ற ஆண்டு முடித்த அண்ணன் ஒருவர் நேர்முகத் தேர்விலிருந்து திரும்பி வந்து சொன்னது என் நினைவில் நிற்கிறது. அவர் கையில் மூன்று சான்றிதழ்கள் இருந்தன. தேர்வாளர் வெள்ளைத் தாளைக் கொடுத்து, "எந்த மென்பொருள் என்று நினைக்க வேண்டாம், வினவலை மட்டும் எழுதுங்கள்" என்றாராம். "திரை இல்லாமல் எனக்குக் கை ஓடவில்லை, தம்பி" என்றார் அண்ணன்.

ஆகவே ஆசிரியப் பெருமக்களிடம் ஒரு சிறு வேண்டுகோள். ஆய்வகப் பயிற்சி ஒவ்வொன்றையும் இரண்டு தரவுத்தளங்களில் செய்யச் சொல்லலாம். போஸ்ட்கிரஸ்க்யூஎல் நம் ஆய்வகத்தின் பழைய கணிப்பொறிகளிலும் ஓடுகிறது, செலவு இல்லை. பதிவேட்டின் இடப்பக்கம் தரநிலைப்படியான வினவலையும், வலப்பக்கம் அந்தந்த மென்பொருள் கேட்ட மாற்றத்தையும் எழுதலாம். செய்முறைத் தேர்வில் ஒரு வினாவை மட்டும் தாளிலேயே எழுத வைக்கலாம். நிறுவனப் பாடம் இதற்குப் பின் வரட்டும். மாணவன் அதைப் பாதி நேரத்தில் முடித்துவிடுவான்.

இப்பருவத்தில் நாங்கள் ஆறு பேர் மாலை வேளைகளில் இதைச் செய்து பார்த்து வருகிறோம். மேலே சொன்ன உதவித்தொகைப் பட்டியலைக் கற்பனைப் பெயர்களோடு மூன்று தளங்களிலும் ஓட்டி, கண்ட வேறுபாடுகளைக் குறித்த ஏடு துறை நூலகத்தில் இருக்கிறது. இதுவரை பதினான்கு பக்கங்கள் நிரம்பியுள்ளன. தேதிகளைப் பற்றிய பகுதி இன்னும் தொடங்கப்படவில்லை. விருப்பமுள்ள இளைய மாணவர்கள் மாலை நான்கு மணிக்கு மேல் ஆய்வகத்துக்கு வரலாம்.