அந்தச் சுவரை இடிக்கலாமா?

ஹாலையும் சமையலறையையும் ஒன்றாக்கலாம் என்று நினைத்தால், முதலில் கண்ணை உறுத்துவது நடுச்சுவர்தான். “ஒரு நாள் வேலைதாங்க” என்பார் மேஸ்திரி. அது தளத்தைத் தாங்கும் பாரச்சுவரா, வெறும் தடுப்புச்சுவரா என்று தெரியும்வரை சம்மட்டியைத் தூக்க விடாதீர்கள்.

1. முதலில் வீட்டின் வகையைப் பாருங்கள். நம்மூர்ப் பழைய தனிவீடுகளில் பலவும் பில்லர் இல்லாதவை. செங்கல் சுவர்மேல் நேராகத் தளம் உட்கார்ந்திருக்கும். அங்கே 9 அங்குலச் சுவர் எதுவானாலும் பாரச்சுவர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பில்லர், பீம் போட்ட வீட்டில் எடை அவற்றின் வழியாக இறங்குகிறது. இடையில் இருப்பது பெரும்பாலும் அடைப்புச் சுவர். பில்லர் வெளியே துருத்தாமல் சுவருக்குள்ளேயே மறைந்திருக்கலாம். வீடு கட்டியபோது எடுத்த போட்டோ இருந்தால் தேடி எடுங்கள்.

2. கதவு நிலையை ஒட்டிச் சுவரின் கனத்தை அளந்து பாருங்கள். பூச்சோடு சுமார் 10 அங்குலம் வந்தால் 9 அங்குலச் சுவர். 5, 5½ வந்தால் நாலரை அங்குலம். நாலரைதானே என்று துணிவதுதான் ஆபத்து. செலவைக் குறைக்க அதன்மேலேயே தளம் போட்ட வீடுகள் உண்டு. தடுப்பாகக் கட்டிய சுவர்கூட, நாளடைவில் தளம் லேசாகத் தாழ்ந்து, பாரம் ஏறியதாக மாறியிருக்கலாம்.

3. எனக்கு அதிக நம்பிக்கை உள்ள சோதனை இது. சுவர் தளத்தைத் தொடும் இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சைக் கொத்தி எடுத்துப் பாருங்கள். கான்கிரீட் செங்கலோடு ஒட்டிப் பிடித்திருந்தால், சுவரைக் கட்டிய பிறகு அதன்மேல் தளம் போட்டிருக்கிறார்கள். கடைசி வரிசையில் உடைந்த செங்கல் துண்டுகளும் திணித்த கலவையும் தெரிந்து, தளத்தின் அடியில் ஷட்டரிங் தகட்டின் வழவழப்பு இருந்தால், சுவர் பின்னால் வந்தது. ஓரிடத்தோடு நிறுத்தாமல் இரண்டு மூன்று இடத்தில் பாருங்கள்.

4. தளத்துக்குக் கீழே பீம் இறங்கித் தெரிந்தால், அதன் இரு முனைகளும் எதில் முடிகின்றன என்று கவனியுங்கள். ஒரு முனை வந்து இந்தச் சுவரில் உட்கார்ந்தால் இதைத் தொடக்கூடாது. கதவுக்கு மேலே ஓடும் லிண்டலைப் பீம் என்று குழப்பிக்கொள்ள வேண்டாம்.

5. மாடிக்கும் ஏறிப் பாருங்கள். அதே நேர்கோட்டில் மேலேயும் சுவர் நிற்கிறதா? மொட்டை மாடியில் தண்ணீர் டேங்க் எங்கே இருக்கிறது? 1,000 லிட்டர் தண்ணீர் என்றால் ஒரு டன் எடை. மாடிப்படியின் திருப்பம் சுவருக்குள் செருகியிருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

6. மெட்ராஸ் ஒட்டு வீடுகளில் மேலே வரிசையாக ஓடும் தேக்குக் கட்டைகளின் முனைகள் எந்தச் சுவர்களில் செருகியிருக்கின்றனவோ, அவையே பாரச்சுவர்கள். கட்டைகளுக்கு இணையாக ஓடும் சுவரிலும் பெரிய உத்திரம் வந்து இறங்கலாம்.

7. அடுக்குமாடி வீட்டில் டிரில் போடும்போது விழும் பொடியைப் பாருங்கள். சிவப்பு என்றால் செங்கல். வெள்ளையாக, லேசாக உதிர்ந்தால் ஏஏசி பிளாக். சாம்பல் நிறப் பொடியோடு பிட் உள்ளே போகாமல் திணறினால் கான்கிரீட் சுவராக இருக்கலாம். சுவரையும் கான்கிரீட்டாகவே வார்க்கும் மைவான் முறையில் கட்டிய குடியிருப்புகளில் சுவரே பில்லரின் வேலையைச் செய்கிறது; அதில் புதிதாக ஒரு ஜன்னல்கூடத் திறக்கக் கூடாது. உங்கள் தலைக்கு மேலே வேறு குடும்பங்களும் குடியிருக்கின்றன.

8. தட்டிப் பார்த்துச் சத்தத்தை வைத்துத் தீர்மானிக்க வேண்டாம். அந்த முறை செங்கல் சுவருக்கு உதவாது.

9. மேலே சொன்னவற்றில் எதில் சந்தேகம் வந்தாலும் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை நேரில் வரச் சொல்லுங்கள். அப்ரூவல் பிளானில் பெரும்பாலும் அறை அளவுகள்தான் இருக்கும். கம்பி விவரத்துக்கு ஸ்ட்ரக்சுரல் டிராயிங் வேண்டும். பாரச்சுவரை எடுத்தே ஆக வேண்டும் என்றால், சுவரின் இரு பக்கமும் தளத்துக்கு முட்டுக் கொடுத்து, புது பீமோ இரும்புக் கர்டரோ வைக்க வேண்டும். அதன் அளவையும், முனைகள் எதன்மேல் உட்காரும் என்பதையும் அவரிடம் வரைபடமாகவே வாங்கிக்கொள்ளுங்கள். முட்டுகளை எப்போது எடுப்பது என்பதையும் அவரே சொல்லட்டும்.

10. இடிக்காமல் வயரிங் மட்டும் மாற்றுகிறவர்களுக்கும் ஒன்று: பாரச்சுவரில் குறுக்கே வெட்டும் காடியின் ஆழம் சுவர்க் கனத்தில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 9 அங்குலச் சுவரில் அது ஒன்றரை அங்குலம். முடிந்தவரை குழாயை மேலிருந்து கீழாகவே இறக்கச் சொல்லுங்கள்.