கோபத்தை எந்த வாசலுக்குக் கொண்டுபோவது?

பாகூர்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நீ போட்ட வீடியோவைப் பார்த்தேன். டெல்லியில் நடுராத்திரி விமானத்தை ரத்து செய்துவிட்டு, விடியும்வரை பதில் சொல்லாமல் உட்காரவைத்தால் யாருக்குத்தான் கோபம் வராது? உன் கோபத்தில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் கீழே, "கத்தினாத்தான் மாமா வேலை நடக்கும்" என்று எழுதியிருந்தாய். வீட்டில் எல்லோரும் கைதட்டுகிற படம் போட்டார்கள். எனக்கு மனசு வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

கவுண்டருக்குப் பின்னால் நிற்கிற பெண்ணைக் கவனித்தாயா? ஒருத்தர் அவளுடைய கணினித் திரையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்புகிறார். இன்னொருத்தர் மேஜைமேல் முழங்காலை ஊன்றி ஏறப் பார்க்கிறார். அவள் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையை உள்ளங்கையால் மூடிக்கொள்கிறாள், பேர் தெரிந்துவிடக் கூடாதென்று. அப்போது உன் குரல் கேட்கிறது: "அவ மூஞ்சிய எடுங்க." உன் தங்கை வயதுதான் இருக்கும் அவளுக்கு. ரத்து என்ற செய்தி அவளுக்கே அந்தத் திரையில்தான் வந்திருக்கும்.

2025 டிசம்பரில் நாடு முழுக்க இதே காட்சி நடந்தது. விமானிகளின் வார ஓய்வை 36 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரமாக உயர்த்தி, இரவில் தரையிறக்கும் எண்ணிக்கையைக் குறைக்கும் விதிகள் நவம்பர் 1 முதல் முழுமையாக அமலுக்கு வந்திருந்தன. வரப்போவது வெகு நாள் முன்பே தெரிந்தும் இண்டிகோ போதிய விமானிகளைத் தயாராக வைத்துக்கொள்ளவில்லை. டிசம்பர் 5 அன்று மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்து. ஜனங்கள் கவுண்டர்களை மொய்த்தார்கள், அங்கே நின்றவர்களைத் திட்டித் தீர்த்தார்கள். அப்புறம் என்ன நடந்தது தெரியுமா? அரசு அந்த ஓய்வு விதியையே தளர்த்தியது. இரவுப் பணி விதியிலிருந்து அந்த நிறுவனத்துக்கு 2026 பிப்ரவரி 10 வரை விலக்கும் கொடுத்தது. கவுண்டரில் எழுந்த கூச்சல் கடைசியில் விமானியின் தூக்கத்தில் போய்க் கைவைத்தது. எய்தவன் இருக்க அம்பை நொந்தால் இப்படித்தான் முடியும்.

கூட்டத்தின் கை பக்கத்தில் அகப்படுகிறவர் மேல்தான் விழும். 2018 மே மாதம் போளூர் பக்கம் அத்திமூரில், மலேசியாவிலிருந்து வந்த சொந்தக்காரர்களோடு குலதெய்வம் கோயிலுக்குப் போன ஒரு குடும்பம் வண்டியை நிறுத்தி வழி கேட்டது. பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார்கள். பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற வாட்ஸ்அப் புரளியை நம்பியிருந்த கூட்டம் அவர்களை அடித்ததில் 65 வயது அம்மா ஒருவர் இறந்துபோனார். அடித்தவர்களும் நம்மைப்போல ஊர் ஜனங்கள்தான், மாப்ளே. அதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

இலங்கையைப் பார். 2022 மே 9 அன்று ஆளுங்கட்சி ஆட்கள் பிரதமரின் அலரி மாளிகையிலிருந்து கிளம்பி வந்து, பொருளாதார நெருக்கடியால் அரசை எதிர்த்துக் காலிமுகத்திடலில் போராடிக்கொண்டிருந்தவர்களை அடித்தார்கள். பதிலுக்கு எழுந்த கூட்டத்திடம் நிட்டம்புவவில் சிக்கி ஒரு எம்.பி. உயிரிழந்தார். நாடெங்கும் அரசியல்வாதிகளின் வீடுகள் எரிந்தன. ஜூலை 9 அன்று, அப்போது பிரதமராக இருந்த ரணில் விக்கிரமசிங்கவின் சொந்த வீட்டுக்குத் தீ வைத்தார்கள். அவர் சேர்த்துவைத்த புத்தகங்களும் எரிந்தன. பதினொரு நாள் கழித்து, ஜூலை 20 அன்று, நாடாளுமன்றத்தில் 134 ஓட்டு வாங்கி அவரே ஜனாதிபதியானார். அவரைப் பதவியிலிருந்து இறக்கியது 2024 செப்டம்பர் தேர்தல். மூன்றாம் இடம்தான் கிடைத்தது.

வீடு எரிந்ததற்கும் அவர் ஜனாதிபதியானதற்கும் நடுவில் ஒரு சம்பவம் உண்டு, அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். 2022 ஜூலை 12 அன்று முன்னாள் நிதியமைச்சர் பசில் ராஜபக்ச நாட்டைவிட்டுக் கிளம்பக் கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு வந்தார், பெரிய மனிதர்களுக்கான தனி வழியில். அங்கே இருந்த பயணிகள் அடையாளம் கண்டு எதிர்ப்புத் தெரிவித்தார்கள். குடிவரவு அதிகாரிகள் அந்த வழியில் வேலை செய்ய மாட்டோம் என்று எழுந்துவிட்டார்கள். அவர் திரும்பிப்போக வேண்டியதாயிற்று. அங்கே எதிர்த்தவர்களும் கொதித்துப்போயிருந்த விமானப் பயணிகள்தான். ஆனால் அந்தக் கோபம் ஆளைத் தப்பவில்லை. பெட்ரோலுக்கும் மருந்துக்கும் வரிசையில் நின்று நொந்த ஜனம், காரணமென்று தாங்கள் கருதியவரை முகத்துக்கு நேரே மறித்தது. பாஸ்போர்ட்டில் முத்திரை வைக்கிற கை "வைக்க மாட்டேன்" என்றது. அந்த மேஜைக்காரர்களின் துணிச்சல் தீப்பந்தத்தைவிடப் பெரிது என்றே நினைக்கிறேன்.

நம் ஊருக்கு வருவோம். ஆட்சி ஆட்டம் காண்பது புதுச்சேரிக்குப் புதிதில்லை. 1974ல் ஒரு மந்திரிசபை ஒரு மாதம்கூட நிற்கவில்லை. 2020ல் நம் பாகூர் எம்.எல்.ஏ.வைத் தகுதி நீக்கம் செய்தார்கள். 2021 ஜனவரியில் வில்லியனூர் எம்.எல்.ஏ.வாகவும் மந்திரியாகவும் இருந்தவர் ராஜினாமா செய்து கட்சி மாறினார். இன்னும் சிலர் விலகினார்கள். பிப்ரவரி 22 அன்று முதல்வர் நாராயணசாமியின் அரசு கவிழ்ந்தது. நாம் ஓட்டுப் போட்டு அனுப்பியது ஒன்று, அவர்கள் செய்தது இன்னொன்று. கோபம் இல்லாமலா இருந்தது? இருந்தும் ஏப்ரல் 6 வரை பொறுத்து, வரிசையில் நின்று ஓட்டுப் போட்டோம்.

அதைவிட எனக்கு உறுத்துவது வேறு. 1968க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் 2006ல்தான் வந்தது. 38 வருஷம்! அந்தப் பதவிக்காலமும் 2011ல் முடிந்தது, அடுத்த தேர்தல் தள்ளிக்கொண்டே போனது. தெருக் குழாயில் தண்ணீர் வரவில்லையென்றால் போய்க் கேட்க ஒரு வார்டு உறுப்பினர் இல்லை. அதனால் கடலூர் ரோட்டில் மறியலுக்கு உட்காருகிறார்கள். மாட்டிக்கொள்வது யார்? ஜிப்மருக்குப் போகிற நோயாளியும் பரீட்சைக்குப் போகிற பிள்ளையும். முறையிட வாசல் இல்லாத இடத்தில் கோபம் ரோட்டுக்குத்தான் வரும், அதற்கு ஜனங்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் உனக்கு வாசல்கள் இருக்கின்றன.

ரத்துக்கான காரணத்தை எழுத்தில் கேள். முழுப் பணமோ மாற்று விமானமோ தருவது அவர்கள் கடமை. ஏர்சேவாவில் புகார் போடு, பதில் இல்லையென்றால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போ. டிக்கெட், குறுஞ்செய்தி எதையும் அழிக்காதே. விமானத்துக்குள் திட்டினால் மூன்று மாதம் வரை, கை வைத்தால் ஆறு மாதம் வரை விமானம் ஏறத் தடை விதிக்கலாம் என்று விதி இருக்கிறது. அதற்குப் பயந்து நல்லபடி நட என்று சொல்லவில்லை. அந்தப் பெண்ணுக்காகச் சொல்கிறேன்.

வில்லியனூர் தேரில் வடம் பிடிக்க ஆயிரம் பேர் உண்டு. சக்கரத்தடியில் கட்டை போடுகிறவர் நாலைந்து பேர்தான். அவர்கள் இல்லையென்றால் தேர் வீட்டுத் திண்ணையில் ஏறும். அன்று கவுண்டரில், "அண்ணே, மேஜையவிட்டு இறங்குங்க" என்று நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். உன்னால் முடியும். சின்ன வயசில் கிரிக்கெட் சண்டையை விலக்கிவிட்டவன் நீ.

அந்த வீடியோவைக் குழுவிலிருந்து எடுத்துவிடு. நீ யாருக்கெல்லாம் அனுப்பினாயோ அவர்களையும் எடுக்கச் சொல். விமான நிறுவனத்துக்குக் கடிதம் எழுதி முதலில் எனக்கு அனுப்பு, திருத்தித் தருகிறேன். அடுத்த மாதம் ஊருக்கு வரும்போது ஒருநாள் கூடுதலாக லீவு போடு. ஏரிக்கரைப் பக்கத்துத் தெருவிளக்குகளுக்காகக் கொம்யூன் பஞ்சாயத்து ஆணையரிடம் மனு கொடுக்கப் போகிறோம். தெருவில் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்க ஆள் வேண்டும்.

அன்புடன்,
உன் மாமா