தைமசுச் சுரப்பியும் பெப்தைட்டு மருந்தும்

நோயை எதிர்த்து நிற்கும் உடலாற்றலை எம் நாட்டு விஞ்ஞான நூல்கள் நிர்ப்பீடனம் என வழங்கும். பீடனம் என்பது வருத்துதல். நிர் என்னும் முன்னொட்டு அஃதின்மையைக் காட்டும். மொழி கற்பிக்கும் யாம் சொல்லிலிருந்து தொடங்குதல் இயல்பன்றோ! சொற்பொருளை மட்டும் நோக்குவார், இவ்வாற்றல் மிகுந்தோறும் நன்மையே விளையுமென எண்ணுவர். நிர்ப்பீடனத்தைப் பெருக்கும் பெப்தைட்டு ஊசிகள் என்று இந்நாளில் விளம்பரஞ் செய்வோரும் அவ்வெண்ணத்தையே முதலாகக் கொள்கின்றனர். அவ்வூசிகளுள் ஒன்றன் வரலாற்றை ஈண்டு நோக்குவாம்.

மார்பெலும்பின் பின்னே, இதயத்துக்குச் சற்று மேலே, தைமசு என்னும் சுரப்பி உளது. இது பயனற்றதென்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 1961இல் இலண்டனில் ஆராய்ந்த ஜாக் மில்லர், புதிதாய்ப் பிறந்த சுண்டெலிகளின் தைமசை அகற்றினார். அவற்றுட் பல தொற்றுக்கு இரையாகி மெலிந்து இறந்தன. வேற்றெலியின் தோலை ஒட்டியபோதும் அவற்றின் உடல் அதனை அயலென்று தள்ளவில்லை. வெண்குழியங்களுள் ஒருவகை தைமசிலே பயின்று வெளிவருகின்றதென்பது பின்னர்த் தெளிவாயிற்று. தைமசின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்தால் அவற்றை ரீ கலங்கள் என்பர்.

தைமசை ஒரு பாடசாலை எனலாம். ஆயின் அதன் பரீட்சைக்கு முன் எம் பரீட்சைகள் மிக எளியன. புகுவனவற்றுள் நூற்றுக்கு 95க்கு மேற்பட்டவை தேறாது அங்கேயே அழிகின்றன. அயற்பொருளை இனங்காணுந் தகுதியற்றனவும் அழியும். தன்னுடலையே பகையென்று தாக்கவல்லனவும் அழியும். பின்னவை தப்பி வெளிவரின் முதலாம் வகை நீரிழிவு முதலிய நோய்கள் தோன்ற இடமாகும். ஆகவே நிர்ப்பீடனம் மிகுதல் வேறு. செவ்வனே அமைதல் வேறு.

பருவமெய்தியபின் இச்சுரப்பி சுருங்கும். அதன் சாரத்தை மருந்தாக்கலாமோ என்னும் வினா இயல்பாகவே எழுந்தது. கோல்ட்ஸ்ரீன், வைற் என்னும் அமெரிக்க அறிஞர் 1966இல் கன்றின் தைமசிலிருந்து தைமோசின் என்னும் சாற்றைப் பிரித்தனர். தைமோசின் அல்பா 1 என்னும் பெப்தைட்டின் அமைப்பு 1977இல் அறியப்பட்டது. அமினோவமிலங்கள் கோத்த குறுஞ்சங்கிலியே பெப்தைட்டு, நெடுஞ்சங்கிலி புரதம். இதில் 28 அமினோவமிலங்கள் உள. உண்டால் பருப்பின் புரதம்போற் செரித்துவிடுமாதலின், தோலின்கீழ் ஊசியால் ஏற்றுவர். ஈரலழற்சி பீ நோய்க்குச் சீனா முதலிய சில நாடுகளில் இது வழங்கப்பட்டு வந்துள்ளது.

தொற்று முற்றி உடலின் உறுப்புகளை நலிவிக்கும் கொடுநிலையைச் செப்சிஸ் என்பர். அந்நிலையுற்ற 361 பேரிடத்துச் சீனாவிற் செய்த பரிசோதனை 2013இல் வெளிவந்தது. 28 நாளில், ஊசி பெற்றோருள் நூற்றுக்கு 26 பேரும் பெறாதோருள் 35 பேரும் இறந்தனர். நம்பிக்கை பெரிதாயிற்று. பின்னர் அந்நாட்டிலேயே 1,106 பேரிடத்து, எவர்க்கு மருந்து எவர்க்கு வெறும் ஊசி என்பதை நோயாளரும் வைத்தியரும் அறியாவகையில் மீண்டும் சோதித்தனர். 2025இல் வந்த முடிபு: மருந்து பெற்றோருள் நூற்றுக்கு 23.4; பெறாதோருள் 24.1. இச்சிறு வேறுபாடு தற்செயலாலும் நேரக்கூடியது.

இவையெல்லாம் கடும் நோயாளரிடத்துச் செய்தவை. நலமுள்ளார் இவ்வூசியை ஏற்றுதற்கு இவற்றுள் எதுவும் சான்றாகாது. 60 வயதைக் கடந்த செப்சிஸ் நோயாளர்க்குச் சிறிது பயன் இருக்கலாமோ என்னும் வினா மட்டும் எஞ்சியுள்ளது. அதற்கு விடைகாண இன்னுமொரு பரிசோதனை வேண்டும்.