வெள்ளீயமும் இரப்பரும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொட்டு மலாயாவிற்குப் பிழைப்பு நாடிச் சென்றோருள் சீனரும் தமிழரும் பலராவர். இருசாராரும் பெரும்பாலும் கடன்பட்டே கப்பலேறினர். சீனர் பலர் பேராக்கு நாட்டு வெள்ளீயச் சுரங்கங்களிற் புகுந்தனர். அங்கே தொடக்கத்தில் முதலாளியரும் சீனரே. சில சுரங்கங்களில் உழைப்போர்க்கு விளைவிற் பங்கும் உண்டு. அப்பங்கினைச் சேர்த்துக் கடை வைத்தோர் சிலர். சீனரெல்லாம் செல்வராயினர் என்று கொள்ளற்க. அபினிக்கும் சூதிற்கும் கூலியை இழந்தோர் பலர்.

தமிழரைக் கங்காணி இரப்பர்த் தோட்டங்களுக்கு அழைத்துச் சென்றான். வேலையும் தோட்டத்தாரது, குடியிருந்த லயமும் அவரதே. வேலையை விட்டவன் வீட்டையும் விடல் வேண்டும். விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டியவரைச் சோம்பர் என்பது அறியாமையே. மலாயா விடுதலை பெற்ற 1957-ஆம் ஆண்டையொட்டித் தோட்டங்கள் பல துண்டாடி விற்கப்பட்டன. ஆங்குத் தலைமுறையாய் உழைத்த தமிழர் பலர் கூலியோடு கூரையும் இழந்து வெளியேறினர்.